ஞாயிற்றுக்கு முன் ஒரு தடுப்பு

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

நிற்கக் கற்பிப்பதே அவள் தொழில்.

சமுதாயக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஏழு பெண்கள் கால்களை அகற்றி, முழங்கால் மடக்கி, குதிரைமேல் அமர்ந்தாற்போல் நின்றிருந்தார்கள். அந்த வரிசைக்கு முன்னே அவள் நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

முதல் மாதம் நிலை மட்டும். இரண்டாம் மாதம் தடுப்பு. குத்து அதற்கும் பிறகு.

அவளது கராத்தே வகுப்பின் விதி அது. ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒருமுறை அதை வளைத்தாள். அவசரப்பட்டு வந்த ஒருத்திக்கு முதல் வாரத்திலேயே தடுப்பைக் கற்பித்தாள். பயிற்சியில் அடி வந்தபோது அந்தப் பெண்ணின் கை சரியாக எழுந்தது. சரியாகத் தடுத்தது. கால்கள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. மல்லாந்து விழுந்தவளுக்குத் தோளெலும்பு முறிந்தது.

நடராசரின் எடுத்த பாதத்தை உலகம் தொழும். அன்று முதல் இவள் தொழுதது ஊன்றிய பாதத்தை.

"மேடம், மூணு வாரமா நிக்கோம்," என்றாள் தையற்கடைப் பிரம்மசக்தி, தொடை நடுங்க. "பாபநாசம் பஸ்ஸுக்குக்கூட நான் இவ்ளோ நின்னதில்ல."

சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. ஏழாமவளிடம் வந்து அடங்கியது.

காந்திமதி.

வகுப்பில் சேர்ந்து நான்கு நாள். ஆசிரியையைவிட ஆறேழு வயது மூத்தவள். முழங்கைக்குக் கீழே ஒரு கன்றல், நீலம் வெளிறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வகுப்பு தொடங்குமுன் அவள் தனியே வந்து கேட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போறாராம். பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. நிக்கதெல்லாம் இருக்கட்டும் மேடம். தடுக்கதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லித் தாங்க."

"போகாம இருக்க முடியாதா அக்கா?"

காந்திமதி அவளைப் பார்த்தாள். கேட்டதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஆசிரியைக்குத் தெரியவில்லை.

இன்று வியாழன்.

அவள் நடந்தாள். மூன்று நாளில் நிலை வாராது. மூன்று நாளில் வருவது கை மட்டும். கையை மட்டும் கொடுத்து அனுப்பினால் விழுவாள். விழுந்தவளை என்ன செய்வான்?

கொடுக்காமல் அனுப்பினால்?

வெளியே வெயில் தணிந்துகொண்டிருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் எவரோ பதிகம் ஓதினார். அஞ்சேல் என்னும் சொல்லில் குரல் நெடுநேரம் நின்றது. அவளுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

கால்மணி நேரம் முன்னதாகவே வகுப்பை முடித்தாள். எல்லோரும் வணங்கிப் போனார்கள்.

"நீங்க இருங்க அக்கா."

தடுப்பை இருமுறை செய்து காட்டினாள். இடக்கை வயிற்றின் குறுக்கே புறப்பட்டு, முகத்தைக் கடந்து, நெற்றிக்கு மேல் கூரைபோல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். காந்திமதியும் செய்தாள். இருமுறையும் பிழையில்லை.

"இப்ப நான் அடிக்க வருவேன். அதே மாதிரி தூக்குங்க."

கையை ஓங்கினாள்.

காந்திமதியின் கை எழவில்லை.

அவள் திரும்பினாள். அடிக்கு முதுகைக் கொடுத்தாள். குனிந்தாள். இரு கைகளும் கீழிறங்கி, தொடையளவில், வெறுங்காற்றை வளைத்துக்கொண்டன.

ஓங்கிய கை முதுகில் தொட்டு நின்றது.

"அக்கா, திரும்பக் கூடாது!" தோளைப் பற்றித் தள்ளினாள்.

காந்திமதி அசையவில்லை.

இரு கைகளாலும் தள்ளினாள். தன் எடை முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். சுவரைத் தள்ளியது போலிருந்தது.

குனிந்து பார்த்தாள்.

அகன்ற கால்கள். மடங்கிய முழங்கால்கள். தரையைக் கவ்விய குதிகால்கள். பிரம்மசக்திக்கு மூன்று வாரத்திலும் வாராதது. கற்பிக்கும் அவளுக்கே ஓர் ஆண்டு பிடித்தது. இந்த நான்கு நாளில் வந்ததன்று.

பிறகு அந்தக் கைகளைப் பார்த்தாள். அவை வளைத்திருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அதன் உயரத்தைப் பார்த்தாள்.

"எத்தன வயசு அக்கா?"

முகம் திருப்பாமலே பதில் வந்தது.

"ஆடி வந்தா மவளுக்கு நாலு. அவரு கைய ஓங்குனா, ஓடியாந்து என் காலக் கட்டிக்கிடுதா."

ஒலிபெருக்கி எப்போதோ ஓய்ந்திருந்தது.

அவள் காந்திமதியின் தோள்களை மெல்லப் பற்றி நிமிர்த்தினாள். வாசலை நோக்கித் திருப்பி நிறுத்தினாள். தான் எதிரே போய் நிற்கவில்லை. பின்னால் போனாள். மண்டியிட்டாள். காந்திமதியின் இடுப்புக்குக் கீழே தன் தலை வரும்வரை உடலைக் குறுக்கினாள்.

இடுப்பில் முடிந்திருந்த துப்பட்டாவின் நுனியைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள்.

"இப்ப முன்னால பாருங்க," என்றாள் அங்கிருந்து. "கையத் தூக்குங்க. நான் இங்கதான் இருக்கேன்."