நசுங்காத பெட்டி

"அண்ணே, அண்ணே! பெட்டிய நசுக்கிடாதீங்க!"

லிஃப்ட் மெக்கானிக் கட்டிலிலிருந்து குதித்து வந்து, சமையல்காரர் கையிலிருந்த காலி சிகரெட் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"பழக்க தோஷம்டா. முடிஞ்சா கை தானா நசுக்குது" என்றார் அவர், அசடு வழிய. "நல்லா மொறமொறன்னு இருக்கே, எங்க புடிச்ச?"

"பதினாறாவது மாடி குப்பைத்தொட்டி. பெரிய அதிகாரிங்க குடிக்கிறது. ஸ்டிக்கர்ல ஒரு கீறல் கிடையாது பாருங்க!"

வெளிநாட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் வரி ஏறியதைப் போலச் சம்பளம் ஏறியிருந்தால், அவன் எப்போதோ வீடு கட்டி முடித்திருப்பான். போன தடவை வரி ஏறியபோதே ஆறு பேர் தங்கியிருந்த அந்த அறை பாட்டிலைத் தலைமுழுகிவிட்டது. இந்தத் தடவை சிகரெட் விலை இரண்டு மடங்காகிவிட, அதையும் விட்டுத் தொலைக்கப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆறு பேரும் ஒரு வாளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லீவு முடிந்து வருகிறவர்கள் சொந்த ஊர் சிகரெட்டைச் சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே பதுக்கிக் கொண்டுவருவார்கள். ஆனால் அந்தப் பெட்டியைத் தெருவில் எடுக்க முடியாது. வரி கட்டியதற்கான பச்சை ஸ்டிக்கர் இல்லாத பெட்டியோடு பிடிபட்டால் கேஸ். அதனால், ஸ்டிக்கர் ஒட்டிய காலிப் பெட்டியைப் பொறுக்கி, உள்ளே ஊர் சிகரெட்டை அடுக்கிவிடுவார்கள். பெட்டி இந்த நாடு, புகை நம்ம நாடு.

மெக்கானிக் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"வியாழக்கிழமை ஃப்ளைட்டு. உங்க பொண்ணு இப்பவே ஷூவ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க சிகரெட்ட விட்டாச்சுதானே?"

"விட்டாச்சு, விட்டாச்சு."

"என்னமோ அடுக்கற சத்தம் கேக்குது?"

"துணி மடிக்கறேன்."

போனை வைத்ததும் சமையல்காரர் முகம் மாறியது. "டேய், ஃபேமிலி விசா கைக்கு வந்திருக்கு. இந்த நேரத்துல ஒரு கேஸ் விழுந்தா விசாவும் போச்சு, வேலையும் போச்சு. ஒரு வாரம் வாயக் கட்டேன்."

"இதான் கடைசிப் பெட்டிண்ணே. அவங்க வந்து இறங்கினா தொடவே மாட்டேன்."

சொன்னானே தவிர, மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான்கு வயது மகளை இரண்டே லீவில்தான் தூக்கிக் கொஞ்சியிருக்கிறான். சனியனைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று ஜன்னலைத் திறந்தான். மனசு வராமல் மூடினான். மறுபடி திறந்தான். பக்கத்து ஆள் முறைத்தார்.

நிறுத்தத்தில் இறங்கியதும் அவன் கால்கள் நின்றுவிட்டன. எதிரே வரித்துறை வேன். இறங்கியவர்களை வரிசையாக நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற பெயின்டர் கசங்கிய பெட்டி ஒன்றை நீட்டினார். கனத்த மீசைக்கார அதிகாரி அதன் கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கிழிந்ததையே விட்டுவிட்டார், நம்முடையது புத்தம் புதுசு.

"எடு."

நீட்டினான். அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு மூலையையும் தடவினார். ஸ்டிக்கரை வெயிலில் பிடித்தார். பிறகு மற்ற அதிகாரிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேனுக்குப் பின்னால வா" என்றார்.

ஏழு வருஷத்தில் அந்த நாட்டு மொழியில் அவனுக்கு நன்றாகப் புரிகிற சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

வேனுக்குப் பின்னால் வைத்து அதிகாரி மூடியைத் திறந்தார். ஒரு சிகரெட்டை உருவினார். பில்டருக்குக் கீழே ஊர் கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"சார்... வியாழக்கிழமை என் பொண்டாட்டி, குழந்த வர்றாங்க சார்..." அதற்குமேல் அவனுக்கு எந்த மொழியும் வரவில்லை. கண்தான் கலங்கியது.

"பெட்டி எங்க கிடைச்சுது?"

"குப்பைத்தொட்டியில சார். நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறாவது மாடியில..."

"தினமும் போவியா?"

"போவேன் சார். இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன் சார்!"

அதிகாரி சிகரெட்டுகளை மொத்தமாகக் கவிழ்த்து அவன் கையில் திணித்தார். காலிப் பெட்டியின் மூடியைப் பதமாக மூடி, நசுங்காமல் தன் காக்கிச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

"இப்படியே ஸ்டிக்கர் கிழியாம நாளைக்கு இன்னும் ரெண்டு கொண்டா" என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு மச்சான் வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்து குடுத்ததுல பத்து பாக்கெட் வீட்டுல சும்மா கிடக்கு."