ஆறு மணி மோட்டார்

தண்ணீர் ஃபில்டரின் மோட்டார் சத்தம் போடவில்லை என்று ஒருவர் புகார் சொல்லி ஜல்காஸ் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பதினோரு வருடமாக நூகுஸ் நகரத்து வீடுகளில் ஃபில்டர் பழுது பார்க்கிறவன். சத்தம் தாங்கவில்லை, தண்ணீர் குறைவாக வருகிறது, தேநீர் உப்புக் கரிக்கிறது என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டவர் பெயர் அயிம்கான். அறுபது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறவர். பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே இருந்த கதவைத் திறந்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஜல்காஸ் குழாயைத் திறந்தான். ஒரு கெட்டில் நிறைவதற்குள் மோட்டார் உறுமத் தொடங்கியது.

“ஓடுதேம்மா.”

“நான் தெறந்தா ஓடுது. காலையில ஆறு மணிக்கு ஓடல. நேத்தும் ஓடல.”

“ஆறு மணிக்கு நீங்க தெறந்தீங்களா?”

“நான் எந்திரிக்கிறதே ஏழு மணிக்கு.”

அவன் வாதாடவில்லை. இந்தத் தொழிலில் இப்படியும் சிலர் வாய்ப்பார்கள்.

நகரத்துக் குழாய்த் தண்ணீரில் உப்பளக்கும் மீட்டரை முக்கினான். ஆயிரத்து இருநூறு காட்டியது. அந்த ஊருக்கு அது வழக்கம்தான். வடிகட்டிய தண்ணீரில் பதினாறு. உப்பைப் பிரிக்கிற மெம்பிரேன் நன்றாக இருந்தது. டேங்கில் காற்று சரியாக இருந்தது. முதல் வடிகட்டி மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. அதை மாற்றினான்.

டேங்கை மறுபடி உள்ளே தள்ளும்போது கையில் ஓர் இணைப்பு தட்டுப்பட்டது. ஃபில்டரோடு வருகிற இணைப்பு அல்ல, பிறகு யாரோ போட்டது. அதிலிருந்து பென்சில் பருமனில் ஒரு வெள்ளைக் குழாய் பிரிந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு போனது.

சுவருக்கு அப்பால் வேறு வீடு. ஒரே வீடாக இருந்ததை நடுவில் செங்கல் வைத்துப் பிரித்திருந்தார்கள்.

“அம்மா, பக்கத்து வீட்டுல உங்க தண்ணியத் திருடுறாங்க. அடைச்சிடட்டுமா?”

“திருடல. நான்தான் விட்டேன்.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“பிபிசாராவுக்குக் கிட்னியில கல்லு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா. வந்தும் இந்த உப்புத் தண்ணியத்தான் கொதிக்கவச்சுக் குடிச்சா. அவ கடைக்குப் போயிருந்தப்ப ஆள் வச்சு ஓட்டை போட்டு, குழாய் முனையில ஒரு சின்ன வால்வை மாட்டி அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. நாலு நாள் தெறக்கல. அஞ்சாம் நாள் காலையில ஆறு மணிக்கு மோட்டார் ஓடுச்சு. அதுலேர்ந்து தெனமும் ஓடும்.”

“ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டை போடணும்னாக்கூட பேசணுமே. பேசி பதினாலு வருஷமாச்சு.”

வெளியே பனி கிடந்தது. தண்ணீர் உறைந்திருக்குமோ என்று ஜல்காஸ் வெள்ளைக் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தான். மெத்தென்றிருந்தது. இணைப்பைத் தளர்த்தியதும் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“எல்லாம் சரியா இருக்கும்மா. அந்தப் பக்கம் யாரும் தெறக்கல, அவ்வளவுதான்.”

அயிம்கான் ஃபில்டரின் கதவைச் சாத்தினார்.

“மெஷின் கெட்டுப்போச்சுன்னு நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன், தம்பி.”

தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினார். ஜல்காஸ் பின்னால் ஓடினான்.

பக்கத்து வீட்டு வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அயிம்கான் இரண்டு கையாலும் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஜல்காஸ் மதிலேறிக் குதித்துத் தாழை நீக்கினான்.

சமையலறைத் தரையில் பிபிசாரா கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கைக்கு எட்டிய தரைவிரிப்பை இழுத்து மேலே போர்த்தியிருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது.

தலைக்கு நேர் மேலே சுவரில், இரண்டு முழ உயரத்தில், அந்தச் சின்ன வால்வு இருந்தது. இரண்டு நாளாக அவரால் அதை எட்ட முடியவில்லை.

ஜல்காஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். அயிம்கான் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, தரையில் உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் தூக்கி வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிபிசாரா விழுங்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அந்த வீட்டில் கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் மட்டுமே இருந்தது.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிவிட்டு, நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

“கூட ஒருத்தர்தான் வரலாம். சொந்தக்காரங்க யாரு?”

ஜல்காஸ் அயிம்கானைப் பார்த்தான். அவரோ தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“நான் பக்கத்து வீடு” என்றார்.

“பக்கத்து வீட்டுக்காரங்கள ஏத்த முடியாதும்மா.”

அப்போதுதான் ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. கரகரத்திருந்தாலும் தெளிவாகவே வந்தது.

“பக்கத்து வீடெல்லாம் இல்ல. என் புருஷனோட பொண்டாட்டி. ஏத்து அவள.”

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியின் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து பிடித்தாள்.