ராயல் பெயின்

"கிட்ட வந்தா மிதிச்சுப்புடுவேன்!"

ஒச்சாண்டி காலை உதறிய வேகத்தில் கட்டுப் போடும் தட்டு தரையில் உருண்டது. கத்தரிக்கோல் கட்டிலுக்கு அடியில் ஓடியது. பஞ்சு அவர் மனைவி மூக்கம்மாளின் மடியில் போய் விழுந்தது.

நர்ஸ் ஷர்மின் குனிந்து பொறுக்கினாள். ஒச்சாண்டி கம்பம் ஊருக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் முதலாக இதே கூத்துதான். தேவாரம் பக்கம் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் வைத்திருப்பவர். சர்க்கரைப் புண் கால் விரலில் ஆரம்பித்துப் பாதத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. தினமும் சுத்தம் செய்து கட்டினால் கால் தப்பும். அவரோ தொடவே விடவில்லை. இட்லி ஆறிவிட்டது என்று கத்துவார், ஊசி குத்துகிறது என்று கத்துவார். மூக்கம்மாளிடம் கத்த மட்டும் காரணமே தேவைப்படாது.

சத்தம் கேட்டு டாக்டர் அஜய்குமார் வந்தார்.

"ஐயா, இப்படியே விட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

"எங்கால எடுக்க நீ யாருய்யா?"

டாக்டர் ஷர்மின் பக்கம் திரும்பினார். "ஹி இஸ் எ ராயல் பெயின்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

ஒச்சாண்டி எழுந்து உட்கார்ந்தார். "ஏத்தா, என்னமோ இங்கிலீசுல வைஞ்சுட்டுப் போறாரே?"

பக்கத்துக் கட்டில் சுருளிராஜன் முந்திக்கொண்டார். "ராயல்னு காதுல விழுந்துச்சு. புல்லட் வண்டியில போட்டிருக்குமே, அது. ராஜான்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? இந்த ஊர்ல டீக்கடையில இருந்து டெய்லர் கடை வரைக்கும் ராயல்தான். அதுக்குப் பின்னாடி பெயினுன்னாரு. பெயினுன்னா வலியில்ல?"

மொத்த வார்டும் ஷர்மினைப் பார்த்தது.

அவளுக்கு அர்த்தம் தெரியும். ராயலுக்குப் பக்கத்தில் பெயின் வந்து உட்கார்ந்தால் ராஜா இறங்கிப் போய்விடுவார். 'மகா இம்சை பிடிச்ச ஆளு' என்பதுதான் மிஞ்சும். நர்சிங் காலேஜ் விடுதியில் வார்டனுக்கு அவளும் தோழிகளும் வைத்திருந்த பெயரே அது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இப்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதோடு கால் போச்சு.

"வலிய ராஜா மாதிரி தாங்குற ஆளுன்னு சொன்னாரு ஐயா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பகீரென்றது.

"என்னையவா?"

"உங்களைத்தான். வேற ஆளா இருந்தா இந்நேரம் அழுது ஊரைக் கூட்டியிருப்பாகளாம்."

ஒச்சாண்டி மீசையைத் தடவினார். பிறகு காலை நீட்டினார்.

"கட்டு ஆத்தா."

புண்ணைச் சுத்தம் செய்யும்போது துண்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

மறுநாளில் இருந்து மூக்கம்மாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள், கூட்டிப் பெருக்க வந்தவர், கேன்டீன்காரர், ஒருத்தரையும் விடவில்லை. "எங்க வீட்டுக்காரர டாக்டரு என்ன சொன்னாக தெரியுமா? ராயல் பெயினு!"

அதைத் தமிழில் சொல்லவே மாட்டாள். அவள் சொல்லும்போதெல்லாம் ஒச்சாண்டி நிமிர்ந்து உட்கார்வார். ஷர்மினோ வாசலையே பார்ப்பாள். வருகிறவர்களில் ஒருத்தருக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால்?

"என்ன மந்திரம் போட்டீங்க சிஸ்டர்?" என்றார் டாக்டர். நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நல்ல வேளை, நீங்க சமாளிச்சீங்க."

ஒரு விரல் போனது. கால் தப்பியது.

வீட்டுக்குப் போகும் நாளில் வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒச்சாண்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரய்யா, அன்னைக்கு என்னையச் சொன்னீகளே, அத எங்க சனத்துக்கு முன்னாடி ஒருக்கா சொல்லிருங்க."

டாக்டர் ஷர்மினைப் பார்த்தார். "ராயல்..."

"பெயினையும் சேத்துச் சொல்லுங்கய்யா."

"ராயல்... பெயின்."

சனம் கை தட்டியது. ஒச்சாண்டி கைத்தடியை ஊன்றி, மாலை போடாத மாப்பிள்ளையாக வேனைப் பார்த்து நடந்தார்.

பையை எடுக்கப் பின்தங்கிய மூக்கம்மாளின் கையை ஷர்மின் பிடித்தாள். இனியும் மறைக்க அவளால் முடியவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீக. டாக்டர் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்ல. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்த்தா. அன்னைக்கே கோயம்புத்தூர்ல இருக்குற மககிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன்."

ஷர்மின் திகைத்துப்போனாள். "தெரிஞ்சுமா வார்டு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக?"

"அவுக கால் தப்பணும்னுதான் மொதல்ல சொன்னேன்."

"அப்புறம்?"

வெளியே இருந்து ஒச்சாண்டியின் சத்தம் வந்தது. "அங்கன என்னடி பண்ணுற? எம்புட்டு நேரம்?"

"இந்தா வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, மூக்கம்மாள் ஷர்மினின் காதருகே குனிந்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து மனசுக்குள்ளயே வைஞ்சத, இப்ப அவுக முகத்துக்கு நேரா வாயாரச் சொல்றேன். அவுகளும் மீசையத் தடவிக்கிட்டு, இன்னொருக்கா சொல்லுங்கிறாக. இத நான் எதுக்குத்தா விடணும்?"