ஐந்நூறு மைல் வேகம்

மொஹாவி பாலைவனத்து மலைமுகட்டின் மேலே காற்று அலறுகிறது. பின்சரிவில் காய்ந்த புல்கூட அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே டுவேனின் எஞ்சின் இல்லாத சின்ன விமானம் வட்டமடிக்கிறது. அசையாத காற்றிலிருந்து வீசும் காற்றுக்குள் பாயும் ஒவ்வொரு முறையும் வேகம் கூடுகிறது, சீழ்க்கை கூர்மையாகிறது. கீழே ரிமோட்டைப் பிடித்து நிற்கும் டுவேனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ரேடார் கருவியைப் பார்த்து வேகம் சொல்பவள் அக்கா மார்லிஸ். "எவ்ளோக்கா?" "நானூத்தி எழுபது. போதும்டா, எறக்கு." "ஐநூறு வராம எறக்க மாட்டேன். பயந்தா கண்ண மூடிக்கோ." குளிர்காலம் முழுக்க அவன் இழைத்த இடது இறக்கை, போன வாரம் உடைந்து ஒட்டிய இடத்தில் நடுங்குகிறது. அடுத்த சுற்றில் கருவி நானூற்று எண்பத்தொன்று காட்டுகிறது. "ஐநூறு!" என்று கத்துகிறாள். அவன் கூவிக்கொண்டே விமானத்தை வட்டத்திலிருந்து உயரே ஏற்றுகிறான்; சீழ்க்கை தணிகிறது. "எங்க, காட்டுக்கா!" அவள் கருவியைக் கோட்டுக்குள் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுக்கிறாள்.