ஞாயிறு நாலு மணி

டில்லி மயூர் விஹார் ஃபிளாட்டில் சிந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் அப்பாவோடு இருக்கும் மகள் மகிழினியை வீடியோவில் பார்க்கக் கோர்ட் கொடுத்திருப்பது ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து அரை மணி நேரம்தான். ரவுட்டரில் சிவப்பு விளக்கு துடிக்கிறது. “பஸ், தஸ் மினிட் மேடம்,” பத்தே நிமிஷம் என்று இந்தியில் சொல்கிறான் ஃபோனில் இன்டர்நெட் கம்பெனிக்காரன், மூன்றாவது தடவையாக. ஜன்னல் வெயில் விசைப்பலகையைத் தாண்டி அவள் மணிக்கட்டில் ஏறுகிறது. நாலு இருபத்தாறுக்கு விளக்கு பச்சையாகிறது. திரையில் குழந்தை தெரிகிறாள். முன்பல் ஒன்றைக் காணோம். “பல்லு எப்ப விழுந்துச்சு கண்ணு?” சிந்துவின் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. “அம்மா, நீ ஃபோட்டோ மாதிரி அசையாமயே இருக்கற,” என்கிறாள் மகிழினி. சற்று நேரம் பார்க்கிறாள். யாரோ கூப்பிட, எழுந்து போகிறாள். சிந்து திரையில் தெரியும் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள்.