நூற்று முப்பது

கணவரின் வலது புஜத்தில் சுற்றிய பட்டை உப்பி, இறுகி, மெல்ல அடங்கியது. பிரஷர் மெஷினில் எண் தெரியும் பக்கம் எப்போதும்போல் அவளைப் பார்த்திருந்தது.

நூற்றுத் தொண்ணூற்றாறு.



"எவ்வளவு?" கட்டிலில் படுத்தபடி கேட்டார். பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கை மட்டும் இன்னும் அசையவில்லை.

"நூத்தி முப்பதுங்க."

தினமும் அதே எண்தான்.

ஆரம்பத்தில் ஒருநாள் உள்ளதைச் சொன்னாள். நூற்று அறுபது. அவர் முகம் வெளுத்தது. மறுபடி பார்க்கச் சொன்னார். நூற்று எழுபத்தைந்து. மறுபடி. நூற்று எண்பத்தெட்டு. பயமே ஏற்றிவிட்டது மனுஷனுக்கு.

அன்றிலிருந்து அவருக்கு ஓர் எண், டாக்டருக்கு ஓர் எண்.

டாக்டர் ஃபோனிலேயே மாத்திரையைக் கூட்டினார். இப்போது மூன்று. "ஒரு தடவை அடிபட்ட மூளைம்மா. இன்னொரு தடவை பிரஷர் எகிறினா தாங்காது."

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்ன பிரஷர்? எந்தச் சாமிக்கு என்ன குறை வைத்தோம்?

மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அவர் சிரித்தார். சிரிக்க வருகிற பாதி வாயில் பழைய குறும்பு.

"இனி எதுக்கு தனக்கொடி? திட்டமாட்டேன்னா ஒண்ணு சொல்றேன். பதினஞ்சு நாளா நான் எதையும் முழுங்கறதே இல்ல. போட்டா தலை கிறுகிறுங்குது. நாக்கடியில வச்சிருந்து, நீ அக்கட்டால போனதும் ஜன்னல்ல துப்பிருவேன். உன்ற கருவேப்பிலைச் செடிக்குத்தான் பிரஷர் எறங்கியிருக்கும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பவும் நூத்தி முப்பதுலயே நிக்குதில்ல?"

உள்ளங்கை வியர்த்து மாத்திரைகள் ஒட்டிக்கொண்டன.

உள்ளதைச் சொன்னால் எகிறும். சொல்லாவிட்டால் விழுங்கமாட்டார்.

பதினைந்து நாள். நானே சொல்லிச் சொல்லி நிறுத்த வைத்திருக்கிறேன்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"அந்த மெஷினை இப்படித் திருப்பு."

அவள் அதைக் கவிழ்த்து வைக்கப் போனாள். அதற்குள் அவர் தன் நல்ல கையைச் சட்டென்று இழுத்தார்.

பட்டை இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. குழாயோடு மெஷினும், இன்னும் அணையாத எண்ணோடு, அவரிடம் போய்ச் சேர்ந்தது.