சுவருக்கு அப்பால் ஒரு குரல்

ஒரு பெரிய புற்றைச் செவ்வெறும்புகள் ஆண்டன. கறுப்பெறும்புகளை முட்டையிலேயே தூக்கிவந்து, பொரிந்ததும் அடிமைகளாக வேலை வாங்கின.

"இது அநியாயம். இவங்களை விட்டுடுவோம்" என்றது புற்றின் வடக்குப் பாதி.

"அப்படின்னா இனி நாங்க தனிப் புற்று" என்ற தெற்குப் பாதி, நடுவழியை மண்சுவரால் அடைத்தது. சண்டை மூண்டது. மழைக்காலம் போய்க் கோடை வந்தும் அது ஓயவில்லை.

தெற்கே காரி என்ற கறுப்பெறும்பு, எசமானி செம்பியின் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிவந்தது. சண்டைக்குப் போன செவ்வெறும்புகள் திரும்பாததால், சுவர் பூசும் வேலையும் அதன் தலையில் விழுந்தது.

ஒருநாள் சுவருக்கு அப்பால் பிறாண்டும் சத்தம் கேட்டது. காரி பூசுவதை நிறுத்தியது.

"சீக்கிரம் பூசுடி! அவங்க வந்தா முதல்ல உன் தலையைத்தான் கடிப்பாங்க" என்றது செம்பி.

காரி ஈரமண்ணைக் கவ்வியது. அப்போது அப்பாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"உள்ளே நம்ம ஆளுங்க இருக்கீங்களா?"

அது ஒரு கறுப்பெறும்பின் குரல்.

காரி அசையாமல் நின்றது. செம்பியின் தாடைகள் அதன் இடுப்பைப் பிடித்தன.

"பூசு. இல்லேன்னா ரெண்டா நறுக்கிடுவேன்."

காரியின் வாயிலிருந்து மண் கீழே விழுந்தது.

"இருக்கேன்!" என்று அது அலறியது. "இங்கேதான் சுவர் இன்னும் காயலே. இங்கே தோண்டுங்க!"

தாடைகள் இறுகின. சுவர் பொலபொலவென்று சரிந்தது. உள்ளே பாய்ந்தவர்கள் செம்பியைப் பிய்த்து எறிந்தார்கள்.

"காரி, என் குஞ்சுகளுக்கு யாருடி ஊட்டுவா?" என்று கதறியது செம்பி.

இடுப்புக் காயத்தோடு காரி வெளியே ஊர்ந்தது. வெயிலில் வந்து நின்றது.